பழைய காருக்குப் புதிய காவல்

பிறந்த மண்ணை விட்டுத் தலைநகரிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் பலருடைய வீட்டு வாயிலில் ஒரு பழைய கார் நிற்கக் காணலாம். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாகச் சாலைக்கு வந்து 2014 வரை உற்பத்தியான மாருதி 800 அவற்றுள் ஒன்று. உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014 வரை உருவான அம்பாசடர் மற்றொன்று. குர்லாவில் உருவாகி மும்பைச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட பிரீமியர் பத்மினியையும் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். சந்தையில் இவற்றின் விலை மிகச் சொற்பம். ஆயினும் அங்காடிக்கும் மருத்துவமனைக்கும், ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்து வர இரயில் நிலையத்துக்கும் அந்த வண்டியையே நாம் நம்பியிருக்கிறோம். அது களவு போனால் கிடைக்கும் இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு அத்தகைய வேறொரு வண்டியை வாங்க இயலாது. ஆதலால் பழைய காருக்கு எச்சரிக்கைக் கருவி பொருத்துவதில் அறிய வேண்டிய செய்திகளை இங்கே ஆராய்வோம்.

“இவ்வளவு பழைய வண்டியை யார் திருடப் போகிறார்கள்?” என்று கேட்போர் உண்டு. திருடன் வண்டியை எப்போதும் வண்டியாகவே விற்பதில்லை. கதவு, கண்ணாடி, இஞ்சின், சக்கரம் எனப் பிரித்து விற்பதே அவனுக்கு எளிது. மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை இத்தகைய உதிரி வாணிகத்துக்குப் பல்லாண்டுகள் பேர்போனது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் காவல்துறை அதனை மூடச் செய்தது. உற்பத்தி நின்றுபோன வண்டியின் உதிரிப் பாகங்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளில், வாகனத் திருட்டு மிகுந்த மாநகரங்களின் வரிசையில் தில்லி தொடர்ந்து முன்னிற்பதும் நாம் கருதத்தக்கது.

பழைய வண்டியைத் திருடுவது ஏன் எளிதாயிருக்கிறது? முதலாவது, பூட்டு. இருபது ஆண்டுகள் தேய்ந்த பூட்டு வேறொரு வண்டியின் தேய்ந்த சாவிக்கும் சில வேளைகளில் திறந்துகொள்கிறது. இரண்டாவது, மின்கம்பி அமைப்பு. சாவித் துளைக்குப் பின்புறம் மூன்று முக்கியக் கம்பிகள் உள்ளன. ஒன்று பாட்டரியிலிருந்து மின்சாரத்தைக் கொணர்வது. ஒன்று இக்னிஷனுக்கு, அதாவது இஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் அமைப்புக்குச் செல்வது. மற்றொன்று ஸ்டார்ட்டருக்குச் செல்வது. சாவி செய்யும் வேலையெல்லாம் இம்மூன்றையும் முறைப்படி இணைப்பதே. சாவி இல்லாமலும் அவற்றை இணைத்துவிடலாம் என்பதைத் திருடன் நன்கறிவான்.

புதிய வண்டிகளின் அமைப்பு வேறு. அவற்றின் சாவிக்குள் ஒரு நுண்ணிய மின்னணுச் சில்லு பதிக்கப்பட்டிருக்கும். சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அச்சில்லின் அடையாளத்தைப் படித்துச் சொன்னாலன்றி, இஞ்சினை ஆளும் கணிப்பொறி பெட்ரோலையும் தீப்பொறியையும் வழங்காது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்கள் அனைத்திலும் இதனைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அந்நாடுகளில் கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது. இதிலிருந்து நாம் அறிந்துகொள்வது ஒன்று: களவைக் குறைத்தது ஓசையன்று, வண்டி ஓட மறுத்ததே. பழைய காருக்குக் கருவி வாங்கும்போது இக்கருத்தை மனத்தில் இருத்துவது நலம்.

கடையில் கிடைக்கும் கருவிப் பெட்டி மூன்று தொழில்களைச் செய்கிறது. அறிதல், அலறல், தடுத்தல் என்று அவற்றைக் கூறலாம். கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றில் அமைந்த பொத்தான் விசைகளும், அதிர்வை உணரும் சிறு உறுப்பும் அறிதலைச் செய்கின்றன. சைரன் அலறுகிறது. ரிலே என்னும் மின்விசை இஞ்சினைத் தடுக்கிறது. இம்மூன்றையும் ஆளும் நடுப்பெட்டி டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும். நம் கையிலுள்ள ரிமோட் அதற்கு ஆணையிடும். வாங்குவோர் பெரும்பாலும் சைரனின் உரத்த ஒலியைக் கேட்டே மயங்குகின்றனர். நாம் முதலில் கேட்க வேண்டியது தடுக்கும் உறுப்பைப் பற்றியே.

ரிமோட்டைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும் மலிவான ரிமோட்டின் செய்தியை ஒருவன் மறைந்திருந்து பதிவு செய்துகொண்டு, பிறகு தானே அனுப்பிப் பூட்டைத் திறந்துவிடலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் வகைக்கு ரோலிங் கோட் என்று பெயர். விலை சற்றுக் கூடினும் அவ்வகையையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

இனி, பொருத்துமுன் செய்ய வேண்டிய சோதனையைக் காண்போம். நலிந்த உடலுக்கு மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பதைப் போன்றது இது. ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்; இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருத்தல் வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோ உள்ள மிகப் பழைய வண்டியில், இஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் ஊறாது. அடுத்து, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பாட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றி, இடையே மல்டிமீட்டரை வைத்து மின்கசிவை அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ கசிவு உள்ளது. அதனைச் சீர்செய்த பின்னரே புதிய கருவியைப் பற்றி எண்ணலாம். இன்னொன்று: 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலக் கருவிகளோ எதிர்முனை உடலோடு இணைந்த 12 வோல்ட் வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. இதனைப் பாராது இணைத்தால் கருவி அக்கணமே எரிந்துபோகும்.

பழைய வண்டியின் கம்பிகளின் மேலுறை வெயிலாலும் எண்ணெயாலும் வறண்டு, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கக்கூடும். அவற்றை உரித்து முறுக்கி, மேலே ஒட்டுநாடா சுற்றிவிடுவது சில பட்டறைகளின் வழக்கம். கோடை வெப்பத்தில் அந்நாடாவின் பசை இளகி, கம்பி வெளிப்பட்டு, இரும்பைத் தொட்டுத் தீப்பற்றவும் கூடும். திருடனுக்கு அஞ்சி வண்டியைத் தீக்கு இரையாக்குவது அறிவாகாது. ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடச் சொல்ல வேண்டும். பாட்டரியிலிருந்து கருவிக்கு வரும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருத்தல் இன்றியமையாதது. இஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் கம்பி தகட்டின் துளையில் உராயாதபடி ரப்பர் வளையம் இட வேண்டும். எர்த் கம்பியை வர்ணமோ துருவோ இல்லாத வெற்றிரும்பில் முடுக்க வேண்டும். பழைய காரில் கருவி பித்துப்பிடித்தாற்போல் நடப்பதற்கு மோசமான எர்த் ஒரு முக்கியக் காரணம்.

கதவுகளுக்கு விசை பொருத்துவதில் ஒரு வசதி உண்டு. கதவைத் திறந்தவுடன் உள்விளக்கை எரியச் செய்யும் பொத்தானையே கருவிக்கும் பயன்படுத்தலாம். ஆனால் சில பழைய வண்டிகளில் முன்கதவுகளில் மட்டுமே இப்பொத்தான் இருக்கும். பின்கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றுக்குத் தனியே பொருத்தாவிட்டால், வீட்டின் முன்வாயிலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். குறிப்பாகப் பானெட்டை மறவாதிருத்தல் நலம். பாட்டரியும் சைரனும் அதன் கீழேதான் இருக்கின்றன. சைரனை இஞ்சின் சூட்டுக்குத் தொலைவில், வாய் கீழ்நோக்கியிருக்குமாறு அமைத்தால் மழைநீர் தேங்காது. வண்டிக்கடியிலிருந்து கைநீட்டித் தொட முடியாத இடமாகவும் அது இருக்க வேண்டும். தனக்கென ஒரு சிறு பாட்டரியை உள்ளே கொண்ட சைரன், வண்டியின் பாட்டரியைக் கழற்றினாலும் ஓயாது ஒலிக்கும்.

இனித் தடுக்கும் உறுப்புக்கு வருவோம். எந்தக் கம்பியில் தடை வைப்பது? இவ்வினாவுக்கு விடை காண்பதில்தான் பழைய காரின் காவல் அடங்கியிருக்கிறது.

ஸ்டார்ட்டர் கம்பியில் தடை வைப்பதே பட்டறைக்காரர் பலரும் விரும்பும் வழி. அது ஆபத்தற்றது, கருவி பழுதானாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடாது. ஆயினும் பழைய காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே! குளிர்காலத்துக் காலைப்பொழுதில் நாம் செய்வதை இரவில் இருவர் சேர்ந்து செய்ய முடியாதா? ஆகவே ஸ்டார்ட்டர் தடை மட்டும் போதாது.

கார்புரேட்டர் உள்ள வண்டியில் இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் கம்பியைத் தடுத்தால் தீப்பொறியே எழாது. தள்ளினாலும் இஞ்சின் உயிர்பெறாது. பிற்காலத்து மாருதி 800 போன்ற எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவதால் அதன் கம்பியைத் தடுக்கலாம். குழாயில் எஞ்சிய பெட்ரோலில் சிறிது ஓடி இஞ்சின் நின்றுவிடும். இவ்விரு தடைகளும் வலிமை வாய்ந்தவை. அவ்வளவுக்கு அபாயமும் உடையவை. நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னே செல்லும்போது கருவி தவறாக இயங்கி இஞ்சினை நிறுத்தினால் விளைவு என்னாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. எனவே, சாவி போட்டு முறைப்படி ஓடத் தொடங்கிய வண்டியில் தடை எக்காரணத்தாலும் விழாதபடி கருவி அமைந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியைத் தொலைவிலிருந்து நிறுத்தும் வசதியை ஒரு சிறப்பாகக் கடைக்காரர் கூறினால், அதனை வேண்டாமென்பதே நன்று.

ரிலேயின் இயல்பையும் இங்கே அறிந்துகொள்ளலாம். மின்சாரம் பெறாத ஓய்வு நிலையில் வழியை மூடிவைக்கும் முனை ஒன்றும், திறந்துவிடும் முனை ஒன்றும் அதில் உண்டு. ஓய்வில் வழிவிடும் முறையில் இணைத்தால், கருவியே செத்தாலும் வண்டி ஓடும். ஆனால் திருடன் கருவியின் மின்கம்பியை அறுத்தாலும் வண்டி ஓடும். ஓய்வில் வழிமறிக்கும் முறையில் இணைத்தால் திருடனால் இயலாது. ஆனால் கருவி பழுதானால் நம்மாலும் இயலாது. ஆதலால் ஸ்டார்ட்டர் கம்பியில் வழிமறிக்கும் முறையும், இக்னிஷன் அல்லது பம்புக் கம்பியில் வழிவிடும் முறையும் தக்கவை. முதலாவது பழுதுபட்டால் வண்டி கிளம்பாது, அவ்வளவே. இரண்டாவது பழுதுபட்டாலும் ஓடும் வண்டி நில்லாது. இவற்றோடு, வண்டி நிற்கும்போது இக்னிஷன் கம்பியைத் துண்டிக்கும் ஒரு சிறு மறைவு விசையைக் குடும்பத்தார் மட்டுமே அறிந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த செலவில் அமையும் இவ்விசை, கருவி அறுபட்ட பின்னும் காவல் காக்கும். ஓட்டுபவரின் கையோ காலோ தவறிப் பட்டுவிடாத இடமாக அது இருத்தல் வேண்டும்.

அலறலைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். “புலி வருகிறது, புலி வருகிறது” என்று விளையாட்டாகக் கூவிய இடைச்சிறுவனின் கதையை அறியாதார் யார்? அதிர்வு உறுப்பை மிகையாகக் கூர்மைப்படுத்தி வைத்தால், குப்பை லாரி கடந்தாலும் அலறும். தீபாவளி வெடிக்கும் அலறும். பூனை பானெட்டின்மேல் குதித்தாலும் அலறும். மூன்றாம் நாள் தெருவிலுள்ளோர் சன்னலைச் சாத்திக்கொள்வர். உண்மைப் புலி வரும் இரவில் எவரும் எழுந்து பாரார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல்லை எல்லையாக வகுத்துள்ளன; பேச்சொலியே அதனைக் கடக்கும். அயலாரின் உறக்கத்தைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. கண்ணாடியைக் கையால் இலேசாகத் தட்டினால் அலறாமலும், ஓங்கித் தட்டினால் அலறுமாறும் உறுப்பைத் திருகி அமைப்பதே அளவு. சிறிது நேரம் ஒலித்துத் தானே ஓயும் அமைப்பும் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் வாழ்க்கைக்கே உரிய ஒரு செய்தி வருகிறது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குச் சென்றுவிடுகிறோம். வண்டி குடியிருப்பின் வாயிலில் தனியே நிற்கிறது. கருவி காக்கும் என்பது நம் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விழித்திருக்கும் கருவி 20 மில்லி ஆம்பியர் உண்கிறது எனில், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி; முப்பது நாளைக்கு 14.4 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பாட்டரி புதியதாயிருக்கையில் 35 ஆம்பியர்-மணி கொள்ளும். முதுமையில் அதில் பாதியும் தேறாமற் போகலாம். அதாவது விடுமுறை முடியுமுன்பே பாட்டரி தளரும், காவலன் உறங்கிவிடுவான். ஆகவே ஒரு வாரப் பயணத்துக்குக் கருவியை நம்பலாம். ஒரு மாதப் பயணத்துக்குப் பாட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் பூட்டும் கியர் பூட்டும் இட்டுச் செல்வதே தக்கது. இரும்புப் பூட்டுக்கு மின்சாரம் வேண்டா.

அத்துடன் அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் காவலின் ஒரு பகுதியே. சைரன் கூப்பிடத்தான் செய்யும். எழுந்து வருவது மனிதர். நம்முடைய வண்டி எது, அதன் ஒலி எப்படியிருக்கும், நாம் இல்லாதபோது யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்பவை பக்கத்து வீட்டுச் சர்தார்ஜிக்கும், எதிர்வீட்டு வங்காளி அம்மையாருக்கும், வாயில் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மொழி அரைகுறையாயிருப்பதைக் கருதி நம்மவர் சிலர் ஒதுங்கி வாழ்கின்றனர். அவ்வாறு ஒதுங்கியவரின் சைரன், எவருக்கும் புரியாத மொழியில் கூவுவதையே ஒக்கும்.

மொழியைப் பற்றி மற்றொன்று. தில்லியில் காஷ்மீரி கேட், கரோல் பாக், மும்பையில் ஆப்பெரா ஹவுஸ் பகுதி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை ஆகிய இடங்கள் மோட்டார்ப் பொருள்களுக்குப் பெயர்பெற்றவை. அங்கெல்லாம் ரிலே, ஃப்யூஸ், எர்த் என்ற சொற்கள் எவருக்கும் விளங்கும். ஆனால் எந்தக் கம்பியை எங்கே வெட்டுவது என்பதை வாய்ச்சொல்லால் விளக்குவது கடினம். ஒரு தாளில் படம் வரைந்து, ஃப்யூஸ் இருக்கும் இடத்தையும் தடை வைக்கும் கம்பியையும் குறித்து, வேலை முடிந்ததும் அத்தாளிலேயே கம்பிகளின் நிறத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் சென்று, வேறொரு பட்டறைக்காரர் பானெட்டைத் திறக்கும்போது அந்தத் தாளே வழிகாட்டும். அதனை வண்டியில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும்.

பணம் கொடுக்குமுன் வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு கதவையும் தனித்தனியே திறந்து, கருவி அலறுகிறதா என்று காணுங்கள். கருவியைப் பூட்டிய நிலையில் சாவியைப் போட்டு, இஞ்சின் கிளம்பாததை உறுதி செய்யுங்கள். ரிமோட் பழுதானால் வண்டியை மீட்கும் வழியையும் கேட்டறியுங்கள். நள்ளிரவில் குழந்தைகளோடு வழியில் நிற்கும்போது அதனைத் தேடலாகாது.

காகிதங்களையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள வண்டி களவு போனால் ஒரு காசும் கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் திருட்டையும் உள்ளடக்கிய காப்பீடு தேவை. ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பு நாமும் காப்பீட்டு நிறுவனமும் இசைந்து குறிப்பது. ஆதலால் புதுப்பிக்கும்போது அத்தொகையைப் படித்துப் பார்த்தல் நலம். புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் ஒப்புதல் அளித்த கருவியைப் பொருத்தி, மோட்டார் வாகனச் சங்கத்தின் சான்று பெற்றால், சொந்தச் சேதக் கட்டணத்தில் 2.5 விழுக்காடு, 500 ரூபாய்க்கு மேற்படாமல், தள்ளுபடி தர 2002-ஆம் ஆண்டின் கட்டண விதிகள் வகை செய்தன. நம் நிறுவனம் அதனைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பிற மாநிலத்தில் வைத்திருந்தால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். வண்டி களவு போயிற்றென்றால் தாமதியாமல் 112-ஐ அழைத்துப் புகாரைப் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கோரும்போது சாவிகள் இரண்டையும் கேட்பர். இரண்டாவது சாவியை வண்டிக்குள் வைத்துவிட்டுச் செல்வோர் இதனை நினைவிற் கொள்க.

தலைநகர் வட்டாரத்தில் வாழ்வோர் வேறொன்றையும் கருத வேண்டும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடலாகாதென 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அதன்பின்னும் இப்பொருள் பற்றிய ஆணைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே வண்டி சாலையில் ஓடத்தக்கதா என்று முதலில் விசாரித்துவிட்டு, பிறகு கருவிக்குச் செலவிடுக.

திருட முடியாத வண்டி என ஒன்று உலகில் இல்லை. ஆயினும் திருடனிடம் இருப்பவை சில நிமிடங்களே. பூட்டு ஒரு நிமிடம், தடை சில நிமிடம், மறைவு விசை இன்னும் சில நிமிடம் என்று அவனுடைய காலத்தை நாம் தின்றுவிட்டால், அவன் வேலையைக் கைவிட்டு ஓடும் வாய்ப்பு மிகுதி. அந்நேரத்தில் அயல்வீட்டு விளக்கொன்று எரிந்தால் அதைவிடச் சிறந்த காவல் வேறில்லை. சீரான கம்பியும், அளவான ஒலியும், உறுதியான தடையும், நல்ல அண்டையும் ஒருங்கே அமைந்த வீட்டில், பழைய கார் இன்னும் பல ஆண்டுகள் நம்மைச் சுமந்து செல்லும்.